தலைமை மேற்பார்வை

திராட்சைக் கொடி இருக்க வேண்டிய இடத்தில் பனிமலை இருந்தது.

சமீனா கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். பனிமலை அசையவில்லை. ஓடைப்பட்டி திராட்சை விவசாயிகள் சங்கத்தின் இணையதளத்தில், பன்னீர் திராட்சையின் அன்றைய விலைக்கு நேர் மேலே, வெள்ளை வெளேரென்று நின்றது. குமுளியிலிருந்து ஒரு வியாபாரி காலையிலேயே போன் செய்து, தோட்டத்தை விற்றுவிட்டு எல்லோரும் காஷ்மீருக்குப் போய்விட்டீர்களா என்று விசாரித்திருந்தார்.

சங்கத் தலைவர் தங்கப்பாண்டியன் எதிர் நாற்காலியில் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"‘தோற்றம்’னு ஒரு மெனு இருந்துச்சும்மா. உள்ள என்னதான் இருக்குன்னு பார்த்தேன். இந்தப் படம் கண்ணுக்குக் குளுமையா இருந்துச்சு."

சமீனாவுக்குக் கோபம் வரவில்லை. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்கத் தோன்றும் வியாதி அவளுக்கும் உண்டு. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை போய்விடுமோ என்ற பயம்தான் வந்தது. அவள் புகுந்த வீட்டில் சம்பளத்துக்குப் போன முதல் பெண் அவள். தலைவரின் மருமகனோ சின்னமனூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார்.

"பொதுக்குழுவுக்குள்ள இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, சைட்ட மருமகன்கிட்ட ஒப்படைச்சுர வேண்டியதுதான்" என்றார் தலைவர். பனிமலையை வைத்தவரும் தானே என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அவர் போனதும் சமீனா அனுமதிப் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் டிக்கை எடுத்தால், அந்த மெனு அவர் திரையில் இருக்காது. மதுரையிலிருந்து வந்து தளத்தை அமைத்துக் கொடுத்த ஜெபமணி சொல்லிக் கொடுத்தது.

அவளுடைய திரையில் மட்டும், எல்லாவற்றுக்கும் கடைசியில், சிவப்பு எழுத்தில் ‘மூலக் கட்டுப்பாடு’ என்று ஒரு மெனு உண்டு. ஆரம்பத்தில், உங்கள் திரையில் இருப்பதெல்லாம் என் திரையிலும் இருக்கிறதா என்று அவள் ஜெபமணியை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவன் அதைச் சேர்த்துக் கொடுத்தான். "உங்கள நம்பித்தான்க்கா தர்றேன். அமுக்கிராதீக, மொத்தமும் போயிரும்" என்றான். அவள் அமுக்கியதில்லை. சில மத்தியானங்களில் மவுஸின் அம்பை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பாள். பிறகு கையை எடுத்துவிடுவாள். அப்படிக் கையை எடுக்கத் தெரிந்ததுதான் தன் தகுதி என்று அவளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது.

அவரவருக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்தாள். பொருளாளர் அப்துல் ஜலீல்தான் தினமும் விலை ஏற்றுவார், வரத்து எழுதுவார், படம் போடுவார். ஆகவே அவருக்கு மூன்று மெனு. தலைவர் எப்போதாவது அறிவிப்பு எழுதுவார். அவருக்கு ஒன்று.

மறுநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்து, பக்கத்துப் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தார்கள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"பாய்க்கு மூணு. எனக்கு ஒண்ணா?"

"அவுகளுக்கு வேலை கூடங்கய்யா, அதனாலதான்."

"வேலையப் பார்த்தா மாலை போடுறாக? எந்த ஊருல தலைவருக்குக் கடைசி மாலை?"

இந்தப் பக்கத்து ஊர்களில் மாலை வரிசை மாறியதால் நின்றுபோன விழாக்கள் உண்டு. மெனு என்பது திரையில் தொங்கும் மாலை என்று சமீனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவசரமாக அவருக்குச் சில மெனுக்களைச் சேர்த்தாள். அதில் ‘பயனர்கள்’ என்பதும் சேர்ந்துவிட்டது.

தலைவர் அதற்குள் போனார். ஜலீல் பெயரைக் கண்டார். பக்கத்தில் ‘வாசகர்’ என்று ஒரு தேர்வு. அமுக்கினார். அத்தோடு பொருளாளரின் மெனுக்கள் எல்லாம் மறைந்துபோயின. அவரால் விலை ஏற்ற முடியவில்லை. முந்தின நாள் விலையை நம்பிக் குமுளியிலிருந்து வந்த லாரிக்காரர்கள் கொட்டகையில் சண்டை போட்டார்கள்.

சமீனா அதைச் சரிசெய்தாள். சமாதானத்துக்காக, ஜலீலுக்கும் ‘பயனர்கள்’ மெனுவைக் கொடுத்தாள். ஜலீல் அதிர்ந்து பேசாத மனிதர். மத்தியான லுஹர் தொழுகைக்குப் போகும் முன், சத்தமில்லாமல், தலைவரை வாசகராக்கிவிட்டுப் போனார்.

"வேணும்னு செய்யலம்மா" என்றார் திரும்பி வந்ததும். "அமுக்குனா எப்படி இருக்கும்னு பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

தலைவர் சின்னமனூருக்குப் போன் போட எழுந்தார். நாளைக் காலைக்குள் சரியாகிவிடும் என்று சமீனா கெஞ்சி அவரை உட்கார வைத்தாள்.

அவர்கள் போன பிறகு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். இவர்களுக்கு உள்ளே இருப்பது எதுவும் வேண்டியதில்லை. தங்களுக்கு மூடிய கதவு ஒன்று இருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அப்படியானால் கதவை மட்டும் கொடுத்தால் என்ன? வேலைக்கான மெனுக்களைத் தவிர எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, புதிதாகச் சில பெயர்களை உருவாக்கினாள். தலைவருக்கு ‘தலைமை மேற்பார்வை’, ‘சங்க ஒப்புதல்’, ‘சிறப்பு ஆணை’, ‘இறுதி முடிவு’. ஜலீலுக்கு ‘நிதி மேற்பார்வை’. எதை அமுக்கினாலும் ஒரே பக்கம்தான் வரும்: ‘தங்கள் கருத்து பதிவானது. நன்றி.’ எங்கேயும் எதுவும் பதிவாகாது.

தலைவர் தினமும் காலையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமை மேற்பார்வையை அமுக்கினார். ஜலீல் நிதியை அமுக்கினார். தளத்தில் ஒரு தப்பும் வரவில்லை.

பொதுக்குழுவில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "நான் நேரா மேற்பார்வை பார்க்க ஆரம்பிச்சதுலருந்து சைட்டு சிக்கலில்லாம ஓடுது. இனியும் நம்ம சமீனாவே பார்க்கட்டும்." அவளுக்கு மூன்றாவது மாலை விழுந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஜெபமணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டம் துரவு என்று வாழ்கிற பெரிய மனிதர்கள் வெறும் பெயரை அமுக்கிவிட்டு நிம்மதியாகப் போவதைப் பார்க்க, அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஜெபமணி வெகுநேரம் சிரித்தான்.

"சும்மா மெனு வைக்க ரெண்டு வழிக்கா. ஒண்ணு, அமுக்குனா நன்றி சொல்லணும். இல்லாட்டி, அமுக்கவே கூடாதுன்னு பயமுறுத்தி வச்சிரணும். ரெண்டாவதுதான் ரொம்ப நாளைக்கு நிக்கும்."

சமீனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "அமுக்காதன்னு சொன்னா, அதக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்குற ஆளு யாரு தம்பி இருக்கா?"

"ஏங்க்கா, அந்தச் சிவப்பு மெனுவ நீங்க இன்னும் அமுக்கிப் பார்க்கலையா?"