நொடிக்கு அறுபது

மாப்பிள்ளை செய்வது தவறென்று மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாது. திருக்காட்டுப்பள்ளியில் பஞ்சநதத்தின் வீட்டார் யாரும் வாய்விட்டு உரைக்காமலே கடைப்பிடித்த விதி இது. தலைத் தீபாவளிக்கு வந்த செந்தில்குமார் அடுத்தவர் வயலில் நின்று, "நம்ம பயிர் செழிப்பா இருக்கு மாமா" என்றபோது, சற்றும் தயங்காமல் "ஆமாங்க மாப்பிள்ளை" என்றவர் பஞ்சநதம்.

இன்று திருக்கடையூரில் பஞ்சநதத்தின் மைத்துனருக்கு மணிவிழா; செந்தில்குமார் அவரைத் தம் கல்யாணத்தில் ஒருமுறை பார்த்ததோடு சரி. காலில் மாவுக்கட்டு போட்டிருந்ததால் பஞ்சநதத்தின் மனைவி மங்களாம்பிகையால் போக முடியவில்லை. அண்ணன் தாலி கட்டும் அந்த ஒரு கணத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று, மடியில் அட்சதைக் கிண்ணத்தோடு கூடத்தில் காத்திருந்தார். அண்ணன் மகன் ராம்கி அவருடைய போனுக்கு நேரலை இணைப்பை அனுப்பியிருந்தான்.

"போன்ல பார்த்தா என்னத்தைத் தெரியும் அத்தை?" என்றார் செந்தில்குமார். "கம்ப்யூட்டர்ல நல்ல பிளேயர் போட்டிருக்கேன். நொடிக்கு அறுபது ஃபிரேம். பெரிய மாமா கண் சிமிட்டுறதுகூடத் தெரியும்."

படமெடுக்கும் ஸ்டுடியோவின் பக்கத்தைத் தாமே தேடிப் பிடித்து, முதலில் தென்பட்ட நேரலையைப் பிளேயரில் போட்டார். படம் கண்ணாடிபோல் வந்தது. பஞ்சநதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் பிரகதீஸ்வரி இருமினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குள் படம் விக்கத் தொடங்கியது. நாதஸ்வரம் முன்னே ஓட, புரோகிதரின் கை பின்னால் தவழ்ந்து வந்தது.

"பழைய கம்ப்யூட்டர், அறுபதைத் தாங்கல. முப்பது வெச்சிடுறேன்."

முப்பதைத் தேர்ந்தெடுத்ததும் பிளேயர் கணபதி பூஜையிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. தரமும் இறங்கியதில் மாலையும் முகமும் ஒரே மஞ்சள் தீற்றலாயின.

"தெரியுதுங்களா அத்தை?"

"நல்லாத் தெரியுதுங்க மாப்பிள்ளை" என்ற மங்களாம்பிகை, குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதும் வேண்டும், முழுத் தரமும் வேண்டும் என்று செந்தில்குமார் பிளேயரைப் பணித்தார். அப்படியொரு படம் அங்கே இல்லாததால் திரை கறுத்தது.

"முகூர்த்தம் வந்துடுச்சுங்க" என்றாள் பிரகதீஸ்வரி.

"பதறாதே. இருபத்துநாலு! சினிமாவே அதுலதான் ஓடுது."

சினிமா ஓடியிருக்கலாம், மணிவிழா ஓடவில்லை. தலைமேல் கவிழ்த்த கலச நீர் அந்தரத்தில் நிற்கப் படம் உறைந்தது. அந்தச் சமயம் பார்த்து மங்களாம்பிகை, கண் கலங்கியபடி, அட்சதையை அள்ளித் தூவினார்.

"அத்தை, இன்னும் தாலியே கட்டலையே!"

"கை தவறிடுச்சுங்க."

அத்தையின் ஆசை தம்மால் கெட்டுவிடுமோ என்று செந்தில்குமாருக்கு வியர்த்தது. கடைசியில் எந்த எண்ணையும் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் பிளேயரின் விருப்பத்துக்கே விட்டார். படம் தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்காலாய்ச் சீராக ஓடியது. கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது.

"பார்த்தீங்களா அத்தை? பெரிய மாமாவுக்குக் கை நடுங்கவே இல்ல!"

"ஆமாங்க மாப்பிள்ளை" என்றார் பஞ்சநதம். பிரகதீஸ்வரி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்களாம்பிகை அட்சதைக் கிண்ணத்தை நகர்த்தி, அதன் பின்னாலிருந்த போனை எடுத்து நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. எங்க அண்ணன் தாலி கட்டி முடிச்சு இலையிலேயே உக்கார்ந்தாச்சு. நீங்க அரைமணி நேரமா பக்கத்து மண்டபத்துல யாருக்கோ மணிவிழா நடத்திக்கிட்டிருக்கீங்க."