சம்பந்தியிடம் தெரு கேட்ட கதை

யாழ்ப்பாணத்தானிடமிருந்து வீட்டைப் பறிக்கலாம், காணியைப் பறிக்கலாம், "ஊரில எவடம்?" என்ற கேள்வியை மட்டும் யாராலும் பறிக்க முடியாது. ஊரைக் கேட்பது மரியாதைக்கு. எவடம், அதாவது ஊருக்குள் எந்த இடம், எந்தத் தெரு என்று கேட்பது ஆளின் சாதியைப் பிடிப்பதற்கு. (வெளியில் இதை ஒத்துக்கொள்ள மாட்டோம்.)

என் மகள் நிலா, கெவின் என்ற பையனை விரும்பினாள். கலியாணம் பேச அவனுடைய தாயும் தகப்பனும் லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். இருவரும் பெல்ஃபாஸ்ட்காரர்கள். அயர்லாந்தை ஒன்றாக்க வாக்கெடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று தொலைக்காட்சியில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். "அரசியல் மட்டும் கதைக்காதேங்கோ அப்பா" என்று நிலா கெஞ்சியிருந்தாள். தெருவைக் கேட்பது அரசியலா என்ன?

கேட்டேன். தகப்பன் ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். அங்கே தெருவைச் சொன்னால் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் என முன்பே படித்து வைத்திருந்தேன். (அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.) கத்தோலிக்கத் தெரு, அதாவது அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற பக்கம். நம்ம ஆள் என்று முடிவுகட்டி, ஒரு தீவென்றால் ஒரு நாடாகத்தான் இருக்க வேண்டும், நாளைக்கே வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்று பிரசங்கம் தொடங்கினேன். இறால் பொரியல் ஆறிப்போனது.

கெவினின் தாய் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் புரட்டஸ்தாந்துத் தெருவாம். பிரித்தானியாவோடுதான் இருக்க வேண்டும் என்ற குடும்பமாம். தாங்கள் இருவரும் கலியாணம் கட்டியதற்காக இரண்டு வீட்டாரும் தள்ளிவைக்க, லண்டனுக்கு வந்தவர்களாம். அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதே இல்லையாம்.

"உங்கள் தீவும் ஒரே நாடாகத்தான் இருக்க வேண்டுமா?" என்று அமைதியாகக் கேட்டார். தனிநாடு கேட்டு லண்டன் தெருவெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அது வேறு கதை என்று முணுமுணுத்தேன்.

உங்கள் ஊரில் தெருவை எதற்குக் கேட்பீர்கள் என்றார் தகப்பன். என் மனைவி ராணி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "எங்களுக்குக் கலியாணம் பேசேக்கையும் உங்கட ஆக்கள் என்ர அப்பாவிட்ட இதைத்தான் கேட்டவை. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் பதில் சொன்னவர்."

நிலா எழுந்து போய்விட்டாள்.

கலியாணம் ஒருவழியாக நடந்தது. வீடு வாங்கிவிட்டோம் என்று நிலா ஒரு விருந்தில் சொன்ன அன்று, வாய் சும்மா இருக்காமல், எவடம் என்று கேட்டுவிட்டேன். "சொல்லமாட்டன் அப்பா" என்றாள். மேசையே சிரித்தது, சம்பந்தியம்மா உட்பட. விருந்துக்கு விருந்து இந்தப் பகிடி ஓடுகிறது. நானும் சிரிக்கிறேன்.

ராணி அடிக்கடி நிலா வீட்டுக்குப் போய் வருகிறாள். தோர்ண்டன் ஹீத் பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியும். தெரு தெரியாது.