குரங்குக்கு வைரஸ் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே மூடிக் கிடந்த சினிமா தியேட்டரின் வாசலில், முந்நூற்று நாற்பது பேர் ஆளுக்கொரு குப்பியில் எச்சில் துப்பிக்கொண்டு நின்றார்கள்.

பத்து நாள் முன்பு பத்திரிகையில் ஒரு செய்தி வந்திருந்தது. குரங்குகளோடு பழகும் சிலரின் ரத்தத்தில், குரங்கு வைரஸ்களுக்கு நெருங்கிய உறவான இரண்டு ரெட்ரோவைரஸ்களைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உயிரணுவின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்ளும் வகை. இதுவரை யாருக்கும் நோய் வரவில்லை. தொடர்ந்து கவனிக்கிறோம் என்று கடைசி வரியில் இருந்தது. கடைசி வரியை யார் படித்தார்கள்?

ஆராய்ச்சிக்காரர்களுக்கு வருஷக்கணக்கு பிடித்தது. தியேட்டருக்குள் உட்கார்ந்திருந்த 'வைரஸ் ஞானி'க்கு ஒரு சொட்டு போதும். கறுப்புக் குழலைக் குப்பிக்குள் முக்கிச் சொட்டு விடுவார். சிவந்தால் உடம்புக்குள் குரங்கு. அவரிடமே செப்பு வளையம் வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி வந்தால் சிவக்காது. குரங்கு இறங்கிப் போய்விட்டதாம்!

வரிசையில் எல்லோரும் ஓரடி இடைவெளி விட்டு நின்றார்கள். மிருகக்காட்சிசாலையில் குரங்குகளைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து மட்டும் பத்தடி. போன வாரம் அவருடைய குப்பி ரத்தமாய்ச் சிவந்தது. அன்று சாயங்காலமே மாமனார் வந்து, மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று அந்த மாமனாரும் கையில் செப்பு வளையத்தோடு வரிசையில் நின்றார்.

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒண்ணும் இல்லைன்னு மூணு பக்கம் எழுதிக் கொடுத்திருக்காங்களே மாமா!"

"மூணு பக்கத்துல எங்கயாவது கலர் மாறிச்சா மாப்பிள்ளை?"

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தவர். ஞானியிடம் மட்டும் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"சரி, உங்க வளையத்தைக் கொடுங்க. இன்னைக்குச் சிவக்கலைன்னா அவங்களை அனுப்புவீங்களா?"

"நானே கொண்டுவந்து விடறேன்."

மருமகன் வளையத்தை மாட்டிக்கொண்டார். அவர் பையில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்றில், அன்று காலை பழச்சாற்றில் நனைத்த கயிற்றைப் பெரிய ஆண் குரங்குக்குக் கடிக்கக் கொடுத்து, பிழிந்தெடுத்த எச்சில். குரங்குக்குப் பரிசோதனை என்றால் அங்கே அப்படித்தான் எடுப்பார்கள். இன்னொன்றில் தியேட்டர் வாசல் குழாய்த் தண்ணீர்.

உள்ளே அவர் முறை வந்ததும் ஒரு குப்பியை நீட்டினார். ஞானி முதலில் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகுதான் குப்பியை. குழல் இறங்கியது. நிறம் மாறவில்லை.

"சுத்தம்! குரங்கு வாடையே இல்லை. அசல் மனுஷன்!"

கூட்டம் கை தட்டியது.

"ஐயா, அது எங்க பெரிய குரங்கோட எச்சிலுங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. ஞானி அசரவில்லை.

"பார்த்தீங்களா வளையத்தோட சக்தியை! குரங்கையே மனுஷனாக்கிடுச்சு!"

மறுபடி கை தட்டினார்கள். இந்த முறை இன்னும் பலமாக.

மருமகன் வளையத்தைக் கழற்றி மாமனாரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவது குப்பியை நீட்டினார். "இதையும் பாருங்க."

ஞானி வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். குழல் இறங்கியது. செக்கச் சிவப்பு.

"குரங்கு உச்சி வரைக்கும் ஏறியிருக்கு!"

"அது வாசல் குழாய்த் தண்ணிங்க."

அப்போதுதான் மாமனாருக்குப் பழைய கண் திரும்பியது.

"யோவ்! முதல்ல வலது கைக் குழல். இப்ப இடது கைக் குழல்!"

மேசைமேல் பாய்ந்து இரண்டையும் பிடுங்கினார். வலது குழலை ஞானியின் தண்ணீர் டம்ளரில் பீய்ச்சினார், ஒன்றும் ஆகவில்லை. இடது குழலைப் பீய்ச்சினார். டம்ளர் சிவந்தது. விரலிலும் ஒட்டியது, துணிக்குப் போடும் சாயம்.

"நீயும் குரங்குதானா? டிக்கெட் இல்லாம இவ்வளவு தூரம் வந்திருக்கே! இறங்குய்யா!"

தியேட்டரே சிரித்தது. ஞானியைப் பின்வாசலில் மடக்கிப் போலீஸில் ஒப்படைத்தார்கள். ஐந்து மணிக்கு மாமனார் மகளையும் பேத்தியையும் கொண்டுவந்து விட்டார்.

அவர் கையில் வளையம் இன்னும் இருந்தது.

"இது எதுக்கு மாமா?"

"எதுக்கும் இருக்கட்டும் மாப்பிள்ளை."

"எதுக்குன்னு யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் காபி."

மாமனார் யோசித்தார். ஆறு மணிக்கு வளையத்தைக் கழற்றினார். காபி ஆறிப்போயிருந்தது.