சுபைர் பாய் சொன்னதற்குச் சாட்சி

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கள்ளக்குறிச்சியில் ஜாபர் வீட்டு லேப்டாப்பில் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை முதஸ்ஸிர் ஷார்ஜாவிலிருந்தும், அவருடைய அத்தாவின் அண்ணனான பெரியத்தா சுபைர் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் வீடியோவில் வந்தார்கள்.

ஜாபரின் மகள் மாஹிராவுக்குச் சட்டப்படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. "நிக்காஹ் முடிஞ்சாலும் படிக்கட்டும்" என்றார் சுபைர். ஆனால் வியாழக்கிழமை போன் செய்து, "நான் எப்ப அப்டி சொன்னேன்?" என்றார்.

பிளாஸ்டிக் சாமான் கடை நடத்தும் ஜாபர் அசரவில்லை. "ரெக்கார்டு இருக்கு சம்பந்தி. நாளைக்கு ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் எல்லாரும் கேட்டுக்கலாம்."

போனை வைத்த பிறகுதான் ரெக்கார்டைத் தேடினார். காணவில்லை.

அவர் கூப்பிட்டதும் செல்போன் கடை இளவரசன் வந்தான். "பாய், ஞாயித்துக்கெழம தேதி போட்டு ஃபோல்டர் இருக்குது. உள்ள ஒன்னும் இல்ல."

"டப்பா இருக்குது, சாமான் இல்லன்ற. இப்ப இன்னா பண்றது?"

"அழிஞ்சத மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்னு இருக்குது. ஆனா அத போட லேப்டாப்ல இடம் பத்தாது."

ஜாபர் கண்ணில் பட்ட பெரிய ஃபோல்டரை ஒரேயடியாக நீக்கினார். உள்ளிருந்து மாஹிரா ஓடிவந்தாள்.

"அத்தா! அது என் சாட்சியச் சட்ட நோட்ஸு! திங்கக்கெழம பரீட்ச!"

"வுடும்மா. சாட்சியத்தத்தான் தேடிக்கினு இருக்கோம்."

சாஃப்ட்வேர் இரண்டு மணி நேரம் ஓடி, கடைக்காக எடுத்த பழைய பக்கெட் படங்கள் நாற்பதை மீட்டுத் தந்தது.

"ஒரு மீட்டிங் போட்டுப் பாப்போம் பாய். ரெக்கார்டு எங்க போய் வுழுதுன்னு தெரிஞ்சிடும். பழைய லிங்க் இருக்குதா?"

லிங்க் இரு வீட்டாரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. ஜாபர் அதை இளவரசனுக்கு அனுப்பினார். அனுப்பியது குழுவுக்கே போய்விட்டது. இளவரசன் ரெக்கார்டிங்கை அழுத்திய அடுத்த நிமிடம், திரையில் சுபைரின் நெற்றி மட்டும் தெரிந்தது.

இந்த மீட்டிங் பதிவாகிறது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அறிவித்தது.

"மறுபடியும் ரெக்கார்டா?" நெற்றி சுருங்கியது. "பழசு ஒன்னு பத்தலயா சம்பந்தி? இன்னிக்கே போட்டுக் காட்டப் போறீங்களா?"

மீட்டிங்கை மூடும் பொத்தானைத் தேடி ஜாபர் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார். அது சுபைரை இன்னும் கலவரப்படுத்தியது.

"சரி, சொன்னேன். ஒத்துக்கறேன். படிக்கட்டும், வக்கீலாவும் போவட்டும். நாலு பேரு முன்னால அத போடாதீங்க."

மீட்டிங் முடிந்ததும் புது ரெக்கார்டு அன்றைய தேதி போட்ட ஃபோல்டரில் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. ஜாபர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. பழசு எங்கதான் போச்சி?"

தோழியிடம் போனில் நோட்ஸ் கேட்டுக்கொண்டிருந்த மாஹிரா நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கெழமயே நான்தான் அழிச்சேன். அவங்க போன அப்புறம் மீட்டிங்க முடிக்காம, சுபைர் பெரியத்தா ஏப்பம் வுடற மாதிரி அரை மணி நேரம் நடிச்சிக் காட்டினீங்களே, அதுவும் அதுலதான் இருந்திச்சி."

"அப்ப மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"சொல்லியிருந்தா, 'இருக்கு'ன்னு அவ்ளோ கெத்தா சொல்லியிருப்பீங்களா?"