மனுப் பெட்டியில் ஐம்பத்தைந்து ரூபாய்

கணக்கு ஐம்பத்தைந்து ரூபாய் உதைத்தது.

குறைவாக இருந்தால் சாந்திநாதன் சட்டைப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டியிருப்பார். நெல் மண்டியில் இருபது வருஷம் கணக்கு எழுதியவர். குறைவுக்கு அவரிடம் மருந்து உண்டு. இதுவோ கூடுதல். நாலாம் முறை கூட்டிப் பார்த்தார். அதே ஐம்பத்தைந்து.

மனித உரிமைச் சங்கத்தின் காஞ்சிபுரம் கிளைக்கு அவர்தான் பொருளாளர். கிளை ஒரு சாயக்கடை மாடியில் இருந்தது. கீழே படியோரம் ஒரு தகரப் பெட்டி மாட்டி, 'உங்கள் குறைகளை இதில் போடவும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். மாதம் ஒரு முறை திறப்பார். மனு இருக்கிறதோ இல்லையோ, நாலாக மடித்த ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று தவறாமல் இருக்கும். பேர் இல்லாமல் ரசீது போடக்கூடாது. ரசீது இல்லாமல் கணக்கில் ஏற்றக்கூடாது. பதினோரு மாதமாக அதை ஓர் உறையில் போட்டுப் பணப்பெட்டியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு அல்லவா?

அன்று பிற்பகல் மெட்ராஸ் தலைமைச் சங்கத்திலிருந்து ரேணுகாம்பாள் வருகிறார். கிளைகளின் கணக்கையும் வேலையையும் சோதிப்பவர். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பதினேழு ரூபாய்க்காக ஒரு கிளையையே இழுத்து மூடியவர். பேர் தெரியாத பணத்தில் நடக்கும் சங்கம் யாருக்காக வாய் திறக்கும் என்பது அவர் கேள்வி.

கிளையை மூடினால் தாமல் கிராமத்து வழக்கு போயிற்று. அட்வான்ஸ் வாங்கிய பாவத்துக்கு மூன்று நெசவுக் குடும்பங்கள் முதலாளி வீட்டுத் தறியை விட்டு அசைய முடியாமல் கிடந்தன. வக்கீல் கலியாணசுந்தரம் பீஸ் இல்லாமலே வாதாடுவார். மற்றச் செலவுக்கு மெட்ராஸ் அறுநூறு ரூபாய் அனுப்பியாக வேண்டும்.

முன்னால் ஜெயித்தது ஒரே வழக்கு, கலியன் குடும்பத்தினுடையது. எண்ணூறு ரூபாய் அட்வான்சுக்கு ஒன்பது வருஷம் ஒரே முதலாளியிடம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள். வேறொரு முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி எடுத்துக்கொண்டால்தான் தறி மாறலாம் என்பது ஊர் வழக்கம். சங்கம் கோர்ட்டுக்குப் போய், பாக்கியே செல்லாது என்று தீர்ப்பு வாங்கியது. அந்த அலைச்சலில் ஆன பஸ் சார்ஜ், சாப்பாடு ஒன்று விடாமல் வவுச்சர் எழுதி, கலியன் கைநாட்டையும் வாங்கி வைத்திருந்தார் சாந்திநாதன்.

"செலவு பண்ணிட்டா தீர்ந்துது. இதுக்குப் போயி முழிச்சிக்கினு இருக்கீங்களே" என்றாள் மனைவி கனகமாலா.

நல்ல யோசனையாகப் பட்டது. வேலாயுதத்தின் ஓட்டலுக்குப் போய், மெட்ராஸ் அம்மாளை உபசரிக்கக் கேசரி, வடை, காபி என்று பத்துப் பேருக்குச் சொன்னார். எதற்கு என்று தெரிந்ததும் வேலாயுதம் காசை ஒதுக்கித் தள்ளினார்.

"ஏழைங்களுக்குப் பாடுபடறீங்க. உங்ககிட்ட காசு வாங்கினா நான் வெளங்குவேனா? இந்தாங்க, என் பங்குக்கு அஞ்சு ரூபா. பேர மட்டும் போடாதீங்க. தறி மொதலாளிங்கதான் நம்ம கஸ்டமரு."

அறுபது ஆயிற்று.

வந்தவர் உட்கார ஒரு நாற்காலி வாங்கினால் என்ன? பழைய சாமான் விற்கும் சிட்டிபாபு முப்பது ரூபாய் சொன்னார். சங்கத்தின் பேரில் பில் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"எங்க கடை ஆளுங்க யாராவது என் மேல மனு போட்டாங்களா?"

"இல்லப்பா. நாற்காலிக்கு பில்லு வேணும், அவ்வளவுதான்."

"நாற்காலிய எடுத்துக்கினு போங்க. இதையும் வெச்சிக்குங்க" என்று பத்து ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு, பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். கடைசிவரை அவர் அந்த நாற்காலியைத் திரும்ப வாங்கவில்லை. சாந்திநாதன் காலமான பிறகும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் அது கனகமாலாவின் வீட்டில் கிடக்கிறது.

கையில் எழுபது ரூபாய். மணி இரண்டு. வேறு வழியில்லாமல் கனகமாலா பேரில் மாதம் ஐந்து ரூபாயாகப் பதினான்கு மாதத்துக்கு ரசீது எழுதினார். பொய் சொல்லாமை அவர்கள் சமணக் குடும்பத்தில் வழிவழியாக வந்த விரதம். எழுதி முடிப்பதற்குள் மூன்று ரசீது மை கொட்டிப் பாழாயிற்று.

ரேணுகாம்பாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கேசரியைத் தொடவில்லை. வவுச்சர்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"ஒன்றரை ரூபா பஸ் சார்ஜுக்குக் கூடக் கைநாட்டு வாங்கியிருக்கீங்க. இப்படிப் பொறுப்பான கிளையை நான் பார்த்ததே இல்லை" என்றவர், படிவத்தில் 'விடுவிக்கப்பட்டோர்: ஒரு குடும்பம்' என்று எழுதினார்.

பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"பதினாலு மாசத்து ரசீதும் ஒரே மையில இருக்கே. யார் இந்தக் கனகமாலா?"

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் தினமும் அந்நேரத்துக்குச் சாப்பாடு வரும். கனகமாலா அடுக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்து நின்றாள்.

"மாசா மாசம் சங்கத்துக்கு அஞ்சு ரூபா குடுக்கறீங்களாமே?" என்று ரேணுகாம்பாள் கேட்டார்.

"நானா? கடுகு வாங்கினாலே இவருக்குக் கணக்குச் சொல்லணும்மா. அஞ்சு ரூபாய்க்கு நான் எங்க போறது?"

சாந்திநாதன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உறை, ஓட்டல், சிட்டிபாபு. நாற்காலி வந்த கதையைக் கேட்டதும் ரேணுகாம்பாள் அதிலிருந்து எழுந்துகொண்டார். தகரப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லித் திறந்து பார்த்தார். காலி. நின்றபடியே, 'கிளையை மூடப் பரிந்துரை' என்று எழுதத் தொடங்கினார். சாந்திநாதன் கண்ணுக்கு முன்னால் தாமல் குடும்பங்கள் மூன்றும் வந்து நின்றன.

அப்போது கலியனின் மனைவி கிருஷ்ணம்மாள் படியேறி வந்தாள். கையில் நாலாக மடித்த ஐந்து ரூபாய்.

"கீழ பெட்டியக் காணோம். அதான் மேல வந்தேன்."

சாந்திநாதன் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். "மாசா மாசம் போட்டது நீதானாம்மா?"

"ஆமாங்க. ஒரு மாசம் கூட நான் தவறல."

ரேணுகாம்பாள் எழுதிய தாளைக் கிழித்தார். ஓட்டல்காரர் பணத்தையும் சிட்டிபாபு பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அன்று வந்த ஐந்தோடு சேர்த்து மீதி அறுபது ரூபாய்க்குக் கிருஷ்ணம்மாள் பேரில் ரசீது போடச் சொல்லி, அதைத் தம் கையாலேயே அவளிடம் கொடுத்தார்.

"விடுதலை ஆனவங்களே சங்கத்தைத் தாங்கறீங்க. உங்களுக்குப் பெரிய மனசும்மா. தாமலுக்கு அறுநூறு ரூபா நாளைக்கே வரும், சார்."

சாந்திநாதன் அன்றைக்கு முதல்முறையாக மூச்சு விட்டார். கனகமாலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணம்மாள் ரசீதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள். மேஜை மேல் கலியன் கைநாட்டோடு விரிந்து கிடந்த வவுச்சர்களைப் பார்த்தாள். பிறகு சாந்திநாதனைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"பழைய எடத்துலேருந்து எங்கள எடுத்துக்கினீங்க, கைநாட்டும் வாங்கினீங்க, நாங்களும் கட்டிக்கினேதான் வரோம், இன்னும் எவ்ளோ பாக்கின்னு இதுல எழுதியிருக்குதா, மொதலாளி?"