கழுவி வந்த டப்பா

கிட்ட வந்து உட்காருங்கள். கை ஈரமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். சத்தமாகச் சொல்ல முடியாது. என் பெண்டாட்டி பக்கத்து அறையில் நாளைக்குக் கட்டப்போகிற புடவைக்கு இஸ்திரி போடுகிறாள்.

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக அவள் ஐந்து மணிக்கு எழுந்து எனக்குக் காலைச் சாப்பாடு செய்தாள். தெருமுனையில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவளை ஆயா வேலைக்கு மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஆறரைக்கே போக வேண்டும். அப்போ எனக்கு யாரு சமைப்பா என்று மூன்று தடவையும் கேட்டேன். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

போன மாதம் டாக்டர், ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, எண்ணெயில் பொரித்ததைத் தொடக் கூடாது என்றார். "ரத்தத்துல மட்டுமா?" என்று அவள் முணுமுணுத்தது டாக்டர் காதிலும் விழுந்தது.

அப்புறம் ஒரு காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, இதையெல்லாம் ஒரு வேலை என்று யார் மதிக்கிறார்கள் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இது ஒரு வேலையா? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் குடு. ஆறு நாளைக்கும் செஞ்சு அடுக்கிக் காட்டுறேன்."

"செய்ங்களேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சண்டைக்கு வராத பெண்டாட்டியைக் கண்டால் உஷாராக வேண்டும். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

ஆறு எவர்சில்வர் டப்பா. பாலில் ஊறிய ஓட்ஸ், நறுக்கிய பழம், டப்பாவுக்கு ஒரு அவித்த முட்டை. மூடியில் கிழமை எழுதி ஒட்டி பிரிட்ஜில் அடுக்கிவிட்டு, உலகத்தையே படைத்துவிட்ட மாதிரி நின்றேன். 

திங்கள் இனித்தது. செவ்வாய் எப்படியோ இறங்கியது. புதன்கிழமை அச்சகத்தில் மூடியைத் திறந்தால் பழம் கறுத்துப்போய், ஓட்ஸ் எங்கள் பைண்டிங் பசை மாதிரி இருந்தது. ஆறு நாள் பழத்தையும் ஒரே நாளில் நறுக்கிய மகா புத்திசாலி நான். வாட்ச்மேனிடம் தள்ளிவிட்டேன். அவர் எதையும் வீணாக்காத மனுஷர். சாப்பிட்டுவிட்டு டப்பாவைப் பளபளவென்று கழுவித் தந்தார். நான் எதிர்க்கடையில் எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றேன். மற்ற நாட்களும் அதே கதை. வீட்டுக்கு வந்து, உடம்பே லேசாகிவிட்டது என்று அளந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாள்: "திங்கக்கிழமையிலேர்ந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான்."

பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சீட்டை நீட்டினாள். அவள் கையெழுத்து. 'வேலைக்குப் போகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள். சம்மதம் என்றால் டப்பாவிலேயே திருப்பி வையுங்கள்.'

"நேத்து முட்டைக்கு அடியில வச்சேன். கழுவின டப்பாவுக்குள்ள பத்திரமா திரும்பி வந்துச்சு."

பாவி வாட்ச்மேன். அடுத்தவர் வீட்டுக் காகிதத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எதிர்க்கடை வெளியே வரும். அதன் பின்னால் டாக்டர் வருவார்.

"ஆமா, நான்தான் வச்சேன்" என்றேன்.

"புதன்கிழமையே தெரியும். கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு தம்ளர் கழுவாத மனுஷன், டப்பாவைக் கழுவி எடுத்துட்டு வந்தீங்களே."

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆறு டப்பாவையும் என் முன்னால் வரிசையாக வைத்தாள். பழத்தை மட்டும் அன்றன்றைக்குக் காலையில் எழுந்து நறுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து இன்னும் ஆறு புது டப்பாக்களை எடுத்து, அவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். மூடிகளில் கிழமையும், அதன் கீழே 'எனக்கு' என்றும் அவள் கையெழுத்தில் ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்தது.