நம்மாளு வண்டி

"கார் ரெடியா இருக்கு சார். நாளைக்கே எடுத்துக்கலாம்" என்றாள் ஷோரூம் பெண்.

"அது கெடக்கட்டும்மா. கம்பெனி எந்த நாட்டுக்காரன்து?" என்றார் டெரிக்.

"கொரியா சார்."

"வோணாம்."

பக்கத்தில் நின்ற மகள் ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் ஓர் ஆஸ்பத்திரியின் நர்சுகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் அவள் கையில் இருந்தது. கார்தான் இல்லை. முன்பணம் அப்பாவுடையது. பத்தொன்பது வருடம் வெல்டராக அவரை உழைக்க வைத்த வெளிநாட்டுக் கார் கம்பெனி, ஒரு காலையில் கேட்டைப் பூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போனில் மெசேஜ் அனுப்பி, கையில் திணித்த பணம். அதனால் வாயைத் திறக்க முடியவில்லை.

அடுத்த கடையில் ஜப்பான் பெயர்.

"இங்க ஒரகடத்துல நம்ம ஆளுங்க செய்யறதுதான் சார்."

"கை நம்மள்து, லாபம் அவன்து. நானும் அப்டித்தான் ஏமாந்தேன்."

மூன்றாவது கடையில் நம் நாட்டு முதலாளியின் கார். டெரிக் பேனட்டைத் தடவிக்கொடுத்தார். பத்து வாரம் ஆகும் என்றார்கள்.

"டாடி, ஆஸ்பத்திரில பத்து நாள் கூட நிக்க மாட்டாங்க."

"நம்மாளு வண்டின்னு சொல்லு, நிப்பாங்க."

நிற்கவில்லை. ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அவருக்கு டிரைவர் தேவைப்பட்டது. ஹெப்சிபா அவரிடமே கூலிக்குச் சேர்ந்தாள். ஓட்டியது, அப்பா வேண்டாமென்ற அதே கொரியா கார்.

வழியில் பார்த்தால் நிறுத்துவாள். "ஏறு டாடி, வெயிலு கொளுத்துது."

"நடந்தே சாவறேன், போ."

ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு நடந்து, கொப்புளத்தோடு வீடு சேர்ந்தார்.

பதினோராவது வாரம், டெரிக் முன்பணம் கட்டிய கார் கடைக்கு வந்தது. லாரியிலிருந்து அதை இறக்கிய டிரைவர் பீம்ராவுக்கு டெரிக் ஓடிப்போய் டீ வாங்கிவந்தார்.

"எங்கேர்ந்து ஏத்திக்கினு வர்றே தோஸ்து?"

"மீஞ்சூர் தாண்டி. வெளிநாட்டுக்காரன் பூட்டிட்டுப் போனானே, அந்த ஃபேக்டரிதான். எங்க மொதலாளி வாங்கிட்டாரு."

டெரிக் பக்கத்தில் நின்ற மகளிடம் திரும்பினார்.

"பாத்தியா ஹெப்சி! அந்நியன் தொரத்துனான், நம்மாளு தூக்கி நிறுத்திட்டாரு. தோஸ்து, நான் அங்க பத்தொன்பது வருசம் வெல்டரு. போய்க் கேட்டா வேல குடுப்பாங்கல்ல?"

பீம்ராவ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கேட்டுகீட்டு வெக்காத அண்ணே. அந்த வெளிநாட்டுக்காரன் வேலையாளுங்க உங்களையும் சேத்துதான் ஃபேக்டரிய விக்கப் பாத்தான். 'பழைய ஆளு ஒருத்தன்கூட உள்ள இருக்கக்கூடாது, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் குடு'ன்னு கண்டிசன் போட்டதே எங்க மொதலாளிதான்."